நிறம் உனக்கு, நிலம் எங்களுக்கு

என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மறுவாரம், ஒரத்தநாட்டில் அக்கா வீட்டு முன்கட்டில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கல்யாணத்துக்கு ஒரு இணையதளம் போட வேண்டும். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் போட்டார்களாம். பத்திரிகையைத் தபாலில் அனுப்பிய காலம் போய், அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய காலமும் பழசாகிவிட்டது. இப்போது ஒரு சுட்டி அனுப்பினால் போதும். முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி, மணமக்கள் படங்கள், மொய்க்கு ஒரு கியூஆர் கோடு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

அதற்கு முதல் வேலை தீம் தேர்ந்தெடுப்பது. தளத்தின் நிறம், எழுத்து, பின்னணி, பூவேலை எல்லாம் சேர்ந்த தோற்றத்துக்குத் தீம் என்று பெயர். நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன. பொன்னிறக் கோபுரம், ரோஜாத் தோட்டம், கடற்கரை அந்தி, அரண்மனை, வாழைமரமும் மாவிலைத் தோரணமும். 'கிராமம்' என்றும் ஒன்று இருந்தது. பச்சை வயலில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள். அவர்கள் முதுகுக்கு மேலே மணமக்கள் பெயர் வளைந்து வளைந்து ஓடும். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தாள். "நடவுன்னு போட்டிருக்கான். இது களையெடுக்கிற ஆளுங்கடி" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரியப்பா வந்தார். அக்கா கணவரின் அண்ணன். மஞ்சள் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்துத் திண்ணையில் வைத்தார். "ஆயி, இதுல அம்மாவும் நீயும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க. நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டு வந்துடுவோம். கல்யாண அலைச்சல்ல அப்புறம் நேரம் கிடைக்காது" என்றார். விடுதலைப் பத்திரம். கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப்போட்ட அடுத்த வருடம் இறந்துபோன அக்கா கணவரின் பங்கு, ஆறு மா நஞ்சை. ஏறக்குறைய இரண்டு ஏக்கர். வாரிசுச் சான்றிதழில் அக்காவும் மகளும் இருக்கிறார்கள். பாகம் பிரிக்காத நிலம். பெரியப்பாதான் சாகுபடி செய்கிறார். கல்யாணச் செலவை அவர் ஏற்றுக்கொள்கிறார், பதிலுக்கு இவர்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. பாசமாகத்தான் சொன்னார். போகும்போது மடிக்கணினியை எட்டிப் பார்த்து, "உனக்குப் பிடிச்ச கலரா பாத்து வச்சுக்க ஆயி. கல்யாணம் உன்னோடது" என்றார்.

தளத்தின் தோற்றத்துக்கு நாற்பது வகை. பத்திரத்துக்கு ஒரே வகை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நம் கல்யாணங்களில் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்துவிட்டது என்று பேசுகிறார்கள். வந்திருப்பது யாருக்கும் எந்தச் செலவும் வைக்காத உரிமை. நிறத்தை அவள் தேர்ந்தெடுக்கலாம். அழைப்பவர் யார், பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொள்ளும், மேடையில் யார் நிற்கலாம், நிலம் யாருக்கு என்பதெல்லாம் அவள் உட்கார்ந்து நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் முடிவாகிவிடும்.

"கல்யாணத்தில் ஒரு பெண் சந்தோஷமாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான். அதையும் பெண்ணியம் பேசுகிறவர்கள் விட்டுவைக்க மாட்டீர்களா?" என்று கேட்பார்கள். கேட்டார்கள். எனக்கும் நிறங்கள் பிடிக்கும். மாம்பழ மஞ்சளுக்கும் மஞ்சள்கிழங்கு மஞ்சளுக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரிந்த ஊர்க்காரிதான் நானும். என் சண்டை நிறத்தோடு இல்லை. பெண்கள் தேர்ந்தெடுக்க ஆசைப்படுகிறார்கள் என்பதைச் சந்தை முதலில் கண்டுகொண்டது. வீட்டில் யாரும் மறுக்காத பொருளைப் பார்த்து, அதில் நாற்பது வகை செய்து அவள் முன் வைத்தது. தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க, தான் எதையோ தீர்மானிக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிடுகிறது. என் அக்கா மகள் பதினோரு இரவுகள் அதில் செலவிட்டாள். மாப்பிள்ளை ஒவ்வொரு காலையும் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். அந்தப் பதினோரு இரவுகளின் உழைப்புக்கு 'ஆசை' என்று பெயர் வைத்துவிட்டதால் அது யார் கணக்கிலும் ஏறவில்லை.

இனி பெயர்களுக்கு வருகிறேன்.

அந்தத் தளத்தில் 'அழைப்பவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா மகள் அதில் தன் அம்மாவின் பெயரை மட்டும் அடித்தாள். கணினி ஏற்றுக்கொண்டது. ஆண் பெயர் எங்கே என்று கேட்கவில்லை, சிவப்பில் எச்சரிக்கை காட்டவில்லை. எச்சரிக்கை சமையலறையிலிருந்து வந்தது. பெரியம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பூவும் பொட்டும் இல்லாதவ பேருல அழைப்பு போனா கேக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? அப்பா பேரை மேல 'தெய்வத்திரு'ன்னு போட்டு, பெரியப்பா பேருல அழைச்சிடுங்க. அதுதான் முறை." சொன்னவளும் ஒரு பெண். கெட்டவள் இல்லை. அக்காவுக்குப் புயலடித்த வாரம் முழுக்க சோறு கொடுத்தனுப்பியவள்.

நம் பத்திரிகைகளின் முறை இது. இறந்த ஆணின் பெயர் தெய்வத்திரு என்ற அடைமொழியோடு முதலில் வரும். உயிரோடு இருக்கும் விதவையின் பெயர் அவர் அடியில் சின்ன எழுத்தில் வரும், அல்லது வராது. தாத்தா பெயர், கொள்ளுத்தாத்தா பெயர், அவர்கள் வகித்த பதவி, குடும்பத்துப் பட்டப்பெயர் எல்லாம் வரும். ஒரு பத்திரிகையை எடுத்துப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள், அந்தப் பெண்களில் எத்தனை பேர் யாருடைய மனைவி என்ற விளக்கம் இல்லாமல் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதே பட்டியலை இணையதளத்தில் ஏற்றினால் அதற்குத் தங்க நிறச் சட்டம் கிடைக்கிறது, வேறொன்றும் மாறுவதில்லை. சாதிப் பட்டம் பூ இதழ்கள் உதிரும் காட்சிக்கு நடுவே மிதந்து வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடந்த கல்யாணம் உலகச் செய்தியானது. தாலி கட்டியது ஊரில், வரவேற்பு மெட்டாவர்ஸில். ஹாரி பாட்டர் கதையில் வரும் மாயப்பள்ளி ஹாக்வார்ட்ஸ்தான் அதற்குத் தீம். விருந்தினர்கள் தங்கள் உருவப் பொம்மைகளாக அந்தக் கணினி உலகத்துக்குள் வந்தார்கள். காலமாகிவிட்ட மணமகளின் அப்பாவும் அப்படி ஓர் உருவமாக வந்து வாழ்த்தினார். அந்தக் குடும்பத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்பாவை இழந்த மகளின் ஏக்கத்தை யார் குறை சொல்வது? ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது நான் கண்ட எத்தனையோ மண்டபங்கள் நினைவுக்கு வந்தன. அங்கெல்லாம் பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறும்போது தாய் பந்தியில் இலை எண்ணிக்கொண்டிருந்தாள், அல்லது தூணுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கணவன் இல்லாததால் அவளுக்கு மேடை இல்லை. இறந்த தந்தையை மேடையேற்றும் தொழில்நுட்பம் நம்மிடம் வந்துவிட்டது. உயிரோடு இருக்கும் தாயை மேடையேற்ற எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. நான்கு படிகள்தான்.

இப்படிக் கேட்பது புதுமையும் இல்லை, நகரத்திலிருந்து இறக்குமதி செய்ததும் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே மாநாடு பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. இரண்டும் ஒரே மேடையில் வந்தது தற்செயல் இல்லை. பெயரும் நிலமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தஞ்சை, திருவாரூர் கிராமங்கள்வரை சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்று அழைப்பு அச்சடித்தார்கள். சாதாரணத் தாள், ஒரே மை. ஆனால் உள்ளே இருந்த கட்டங்களையே மாற்றினார்கள். புரோகிதர் இருந்த இடத்தில் தலைமை தாங்குபவர், சடங்கு இருந்த இடத்தில் மணமக்களின் உறுதிமொழி. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, அந்தத் திருமணங்களைச் செல்லத்தக்கவையாக்க இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சட்டமன்றம் சேர்த்தது. நம் பாட்டிமார் தலைமுறை உள்ளடக்கத்தோடு மல்லுக்கு நின்றது. நாமோ தோற்றத்தை மாற்றிவிட்டு உள்ளடக்கத்தை அப்படியே வைத்திருக்கிறோம்.

நிலத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது வருடம் ஆயிற்று. 1989இல் கலைஞர் ஆட்சியில் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே பிறப்புரிமையை மகளுக்கும் கொடுத்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை. எங்கள் அத்தைக்கு 1988 தை மாதம் கல்யாணம். அவள் தங்கைக்கு 1990இல். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்திக்குப் பங்கு இருந்தது, மற்றவளுக்கு இல்லை. கல்யாணத் தேதி நிலத்தின் எல்லைக்கல்லாக இருந்தது. 2005இல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் மகளின் உரிமையைக் கொண்டுவந்தபோது அந்த வேறுபாடு போயிற்று. அந்த ஆண்டில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அதனால்தான் விடுதலைப் பத்திரம் இவ்வளவு வேகமாக ஓடுகிறது. சட்டம் கொடுத்ததை மகளே விட்டுக்கொடுத்தால் யார் என்ன கேட்க முடியும்? அவளிடம் கையெழுத்து வாங்க ஏற்ற காலம் கல்யாணத்துக்கு முந்தைய சில வாரங்கள். அப்போது அவள் மனம் வேறெங்கோ இருக்கிறது. நன்றிக்கடன் நெஞ்சை அடைக்கிறது. 'இவ்வளவு செய்கிறார்களே' என்ற கூச்சம் இருக்கிறது. சண்டை போட்டால் கல்யாணம் நின்றுபோகும் என்ற அச்சம் இருக்கிறது. அந்தப் பத்திரத்தின் பெயரைப் பாருங்கள். யாருக்கு விடுதலை? எதிலிருந்து? உழுதவன், உழாதவன், ஊரைவிட்டுப் போய் இருபது வருடம் ஆன அண்ணன், குடித்தே வயலை அடகு வைத்த தம்பி என்று எல்லா ஆணுக்கும் பாகம் உண்டு. கல்யாணமாகிப் போகும் பெண் மட்டும் 'நிலத்தைக் கொண்டு போய்விடுவாள்'. நிலம் எங்கே போகும்? கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற வயல் அங்கேயேதான் கிடக்கும். மாறுவது சிட்டாவில் ஒரு பெயர் மட்டும்.

"கல்யாணச் செலவு செய்கிறோமே, அதுதான் அவள் பங்கு" என்பார்கள். மண்டப வாடகை அவள் பங்கா? பந்தியில் எண்ணூறு பேர் சாப்பிட்டது அவள் சொத்தா? இரண்டு ஏக்கர் நஞ்சை அவள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும். மேடைப் பூ அன்று மாலையே வாடிவிடும். நகை போட்டோம் என்பார்கள். அந்த நகை யார் பெட்டியில் இருக்கும், யார் தொழிலுக்கு அடகுக்குப் போகும் என்று கல்யாணமான எந்தப் பெண்ணையும் கேளுங்கள்.

அரசாங்கமே ஒரு முறை தன் தீமை மாற்றியது. மயிலாடுதுறைப் பக்கம் மூவலூரில் வாழ்ந்து, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திட்டம் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குப் பணம் கொடுத்தது. பிறகு அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022இல் அதே அம்மையார் பெயரில் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். தாலித் தங்கம் போயிற்றே என்று புலம்பியவர்கள் இருந்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். ஒரத்தநாடு அரசு மகளிர் கல்லூரிக்குப் பேருந்தில் வரும் பிள்ளைகள் கையில் அந்தப் பணம் அவர்கள் பெயரிலேயே வருகிறது. கல்யாணத்தின் தோற்றத்துக்குப் போய்க்கொண்டிருந்த பணம் பெண்ணின் வாழ்க்கைக்குத் திரும்பியது. வீடுகளால் ஏன் அது முடியாது?

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கல்யாணத்தை இணையத்தில் போட்டு ஊரை அழைப்பது எல்லோருக்கும் கிடைக்கிற சுகம் இல்லை.

வெவ்வேறு மதத்தவர் மணக்கப் பயன்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், கல்யாணத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. பெயர், வயது, முகவரியோடு அந்த அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். கேரளத்தில் அந்த அறிவிப்புகளை அரசு இணையதளத்திலும் ஏற்றிவந்தார்கள். மதவெறியர்கள் அவற்றைப் பதிவிறக்கிச் சமூக ஊடகங்களில் சுற்றவிட்டு, அந்த இணையர்களைத் துரத்தினார்கள். புகார் எழுந்த பிறகு, 2020 ஜூலையில் இணையத்தில் ஏற்றுவதைக் கேரள அரசு நிறுத்தியது. அதுவும் கல்யாண இணையதளம்தான். அதற்கும் பெயர் இருந்தது, படம் இருந்தது, முகவரி இருந்தது. தீம் மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் 7-ஏ பிரிவின்படி வழக்கறிஞர் முன்னிலையில் நடந்த திருமணங்களை, ஊரறிய நடக்கவில்லை என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் ஏற்க மறுத்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சுகிற இணையர்களிடம் ஊரைக் கூட்டி அறிவி என்று கேட்க முடியாது என்று அது புரிந்துகொண்டது. அதற்கு ஐந்தே மாதம் கழித்து, 2024 சனவரியில், எங்கள் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கொலை. சாதி கடந்து ஒரு தலித் இளைஞரை மணந்த பெண் அவள். வயது இருபதைத் தொடவில்லை. வேலைக்குப் போன ஊரில் நடந்த எளிய கல்யாணம். அந்தக் காட்சி கைபேசி கைபேசியாகத் தாவி ஊருக்கு வந்து சேர்ந்தது. காவல் துறை அவளைத் தந்தையோடு அனுப்பிவைத்தது. சில நாட்களுக்குள் அவள் உயிரோடு இல்லை. கைதானவர்கள் பெற்றோர்.

என் அக்கா மகளின் கல்யாணக் காட்சியும் கைபேசி கைபேசியாகத்தான் தாவியது. போன இடமெல்லாம் பூங்கொத்துப் பொம்மைகள் திரும்பி வந்தன. ஏன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பையன் எங்கள் சாதி. 'எங்கள் கதை' என்ற பக்கத்தில் 'நாங்கள் எப்படிச் சந்தித்தோம்' என்று எழுத எங்களுக்குப் பயம் இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியதற்காக ஒரு பெண் சாகலாம் என்ற ஊரில், அதை எழுத முடிகிற நாங்கள் அந்த வசதியை எங்கிருந்து பெற்றோம் என்பதை ஒரு நாளாவது யோசிக்க வேண்டும். சாதிப் பட்டத்தைப் பூ வேலைப்பாட்டோடு போடுகிற ஒவ்வொரு அழைப்பும், அப்படிப் போட முடியாத கல்யாணத்தைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கிறது. அதை எழுதியவருக்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்கலாம். கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரத்தநாட்டுக்கு முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கட்டிய சத்திரத்துக்கு முக்தாம்பாள் சத்திரம் என்று பெயர். அவள் மன்னரின் அன்புக்குரியவள், பட்டத்து அரசி இல்லை. எந்தக் கல்யாண ஓலையிலும் அவள் பெயர் போயிருக்காது. ஆனால் பசித்து வந்தவர்களுக்குச் சோறு போட்ட கட்டடத்தின் மேல் அவள் பெயர் நின்றது. நான் ராஜாக்களின் காதலைப் போற்றுகிறவள் இல்லை. அவளுக்கு நடந்தது நியாயம் என்றும் சொல்லவில்லை. கட்டடத்தின் மேல் எழுதிய பெயர் நிற்கும் என்று மட்டும் சொல்கிறேன். அழைப்பில் வருகிற பெயரும் பத்திரத்தில் வருகிற பெயரும் ஒன்றில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதைக் கேட்க வேண்டும் என்று இந்த ஊர்ப் பெண்களுக்குச் சத்திரமே சொல்லிக்கொடுக்கிறது.

எனக்கு இரண்டும் வேண்டும். ஆகவே கல்யாணத் தளம் போடப் போகிற பெண்களுக்குச் சொல்கிறேன். தீமை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மிச்சமுள்ள பத்து இரவுகளுக்கு வேறு வேலை இருக்கிறது.

முதல் இரவு, அழைப்பவர் கட்டம். அம்மா உயிரோடு இருந்தால் அவள் பெயர், அவள் சொந்தப் பெயராக. யாருடைய வால் பட்டமும் வேண்டாம். அடுத்து, கியூஆர் கோடு யார் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். திருப்பிச் செய்வதில் உங்கள் சம்பளமும் இருக்கும் என்றால் கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும். மூன்றாவது, எந்தத் தீமிலும் இல்லாத ஒரு பக்கம். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், மணமகளுக்கு வந்த பரிசுகளை மணமகளும் மணமகனுக்கு வந்தவற்றை மணமகனும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்கின்றன. பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, இருவர் கையெழுத்து. நான் போன எந்தக் கல்யாணத்திலும் அந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை. இணையத்தில் போட வேண்டாம். எழுதி, கையெழுத்து வாங்கி, உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது நகையைக் கேட்க வேண்டி வந்தால் அந்த ஒரு தாள் பேசும். நான்காவது, நிலம். வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் கையில் வாங்கிப் படியுங்கள். கல்யாணம் முடியும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து இல்லை என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண அலைச்சல் என்று அவர்கள் சொன்ன காரணத்தையே திருப்பிச் சொல்லலாம்.

அக்கா மகள் அப்படித்தான் சொன்னாள். "கல்யாண அலைச்சலா இருக்கு பெரியப்பா, அப்புறம் பார்ப்போம்." அவர் பத்திரத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துச் செலவுக்குத் தரமுடியாது என்று சொல்லியனுப்பினார். குளிரூட்டிய மண்டபம் போயிற்று. ஊரில் சின்ன மண்டபம் பிடித்தோம். எண்ணூறு இலை முந்நூறு ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்கள், பிறகு சரியானார்கள். அக்கா இரண்டு இரவு அழுதாள், 'என்னால் உன் கல்யாணம் இப்படி ஆச்சே' என்று. அதையும் எழுதத்தான் வேண்டும். இது வெற்றிக்கதை இல்லை. ஆறு மா நிலத்தை இன்னும் பெரியப்பாதான் உழுகிறார். பாகம் பிரிக்கச் சொல்லி அக்கா அறிவிப்பு அனுப்பியிருக்கிறாள், பதில் இல்லை. ஆனால் அக்கா கையெழுத்தும் மகள் கையெழுத்தும் அவர்களிடமே இருக்கின்றன.

தளத்துக்குக் கடைசியில் வெறும் வெள்ளைப் பின்னணி. அழைப்பவர் கட்டத்தில் அக்கா பெயர். முகூர்த்தத்தின்போது அவள் மேடையில் நின்றாள். பெரியம்மாவும் வந்திருந்தாள். தாலி முடிந்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

பெரியப்பா சாப்பிட்டுவிட்டு மொய் மேசைக்கு வந்தார். மொய் எழுத உட்கார்ந்திருந்த பையன் நோட்டின் முதல் பக்கத்தில், குடும்பத் தலைவர் பெயர் எழுதும் இடத்தில், மஞ்சள் தடவி அக்கா பெயரைப் பெரிதாக எழுதியிருந்தான். பெரியப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆயிரத்து ஒன்று எழுதச் சொன்னார். அவர் வீட்டில் அடுத்த விசேஷம் வரும்போது அதைத் திருப்பிச் செய்ய வேண்டியவள் அக்கா. செய்வாள், அவள் பெயரிலேயே.